ஆறு மணிப் புருஷர்கள்

செங்கரட்டூரில் ஒரு பெண்ணைப் பார்த்து உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, வண்டி எங்கே நிற்கிறது என்றுதான் கேட்பார்கள். ஊரில் பாதி ஆண்கள் லாரி டிரைவர்கள், மீதிப் பாதி மாற்று டிரைவர்கள், அதிலும் சேராதவர்கள் அந்த லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்கள். அதனால் கடுகு வாங்க மளிகைக் கடைக்கு வந்த பெண்கள்கூட நாக்பூரில் நிற்கிறது, கௌகாத்தி தாண்டி லோடு இறக்குகிறார்களாம், ஜான்சிக்குப் பக்கத்தில் ஆக்சில் ஒடிந்து கிடக்கிறது என்று இந்திய தேசத்தின் படத்தை வாயாலேயே வரைந்து முடித்துவிட்டு, கடுகை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தனியாகத் தாளித்துக்கொள்வார்கள்.

கலாமணியும் அப்படித்தான் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் நல்லசிவம் கல்யாணமான மறுவாரமே சண்டிகருக்கு வண்டியேறியவன், அதற்கப்புறம் மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அவளுக்கு அது நோம்பி, பண்டிகை மாதிரி. மகன் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு வீட்டில் பேசுவதற்கு மிக்சி மட்டும்தான் பாக்கி என்று ஆனபோது, பைபாஸ் ஓரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டினார்கள். வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எந்த டாக்டர் எந்த மாடி என்று வழி சொல்ல, கொஞ்சம் இங்கிலீசு தெரிந்த பெண்கள் ஆடி கழிவதற்குள் வேண்டும் என்று தட்டி வைத்தார்கள். கலாமணிக்கு அந்தத் தட்டியைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போயிற்று. வழி சொல்வதுதானே வேலை, இத்தனை வருஷமாக அவள் ஊர் ஊராக வழி கேட்டுக்கொண்டே வாழ்ந்தவள், ஒரு தரம் தானும் சொல்லிப் பார்த்தால் என்ன என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. தனக்கென்று அவள் ஆசைப்பட்ட முதல் காரியம் அது.

டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறையின் மாடியில் எஸ்தர் மிஸ் ஸ்போக்கன் இங்கிலீசு வகுப்பு நடத்தினாள். பகலெல்லாம் பக்கத்து டவுன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, ஆறு மணிக்குத் தொடங்கி, கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற சின்னப் பெண். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. கீழே ரப்பர் வேக, மேலே டிரைவர்களின் மனைவிமார் வேக, முதல் பாடம் ஆரம்பித்தது. அன்றாடம் நடப்பதைச் சொல்லும் பாடம். நான் எழுந்திருக்கிறேன், அவள் சமைக்கிறாள், சூரியன் உதிக்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தைப் பார்க்காமல், திக்காமல், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

அந்தப் புத்தகத்தை யாரோ எங்கேயோ வேறொரு குடும்பத்துக்காக எழுதியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பூனை இருந்தது, காலையில் ரொட்டி இருந்தது, அப்பா ஆபீஸ் போய் ஆபீஸிலிருந்து வந்தார். எங்கள் வீட்டில் அப்படி இல்லையே என்று செங்கரட்டூர்ப் பெண்கள் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பாடம் என்றால் இருக்கிறபடி ஒப்பிக்க வேண்டியது, அதில் போய்த் தன் வீட்டு உண்மையைத் திணிப்பது மரியாதைக் குறைவு. பள்ளிக்கூடத்தில் அவர்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆகவே பாவாயி எழுந்து நின்று, "மை கேட் டிரிங்க்ஸ் மில்க் எவ்ரி மார்னிங்" என்று கணீரென்று சொன்னாள். அவளிடம் பூனை கிடையாது, பூனை என்றாலே அவளுக்குத் தும்மல். மறுநாள் காலையில் செம்பட்டை நிறத்தில் ஒரு பூனை வந்து, கிண்ணம் எங்கே என்பதுபோல் அவளைப் பார்த்து, பாலைக் குடித்துவிட்டுப் போயிற்று. அதற்கடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. "ஐ கெட் அப் அட் ஃபைவ்" என்று சொன்ன சம்பூர்ணத்துக்கு, பால்காரன் வந்து கதவை உடைத்தாலும் எழுந்திருக்காதவளுக்கு, ஐந்து அடித்ததும் யாரோ தண்ணீர் தெளித்தமாதிரி கண் திறந்துகொண்டது. சம்பூர்ணம் இதற்காக எஸ்தர் மிஸ்ஸை இன்றுவரை மன்னிக்கவில்லை. எஸ்தர் மிஸ்ஸோ இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தாள். "ப்ராக்டிஸ் பண்ணினா வரும்னு நான் முதல் நாளே சொன்னேன்ல?" என்றாள்.

தங்கம் கொட்டுகிறது, வைரம் கொட்டுகிறது என்று சொல்லிப் பார்க்கலாமே என்று நாலு பேருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, முயற்சியும் செய்தார்கள், ஆனால் பாதியில் திக்கிவிட்டார்கள். பேராசைக்கு வேண்டிய அளவு இங்கிலீசு அந்த வகுப்பில் யாருக்கும் வரவில்லை.

கலாமணி பேராசைப்படவில்லை. "ஐ ஒர்க் இன் அ ஹாஸ்பிடல்" என்ற ஒரே வாக்கியத்தை எஸ்தர் மிஸ்ஸிடம் கேட்டு வாங்கி, சட்னி அரைக்கும்போதும் கோலம் போடும்போதும் முணுமுணுத்து, நாக்கில் வழவழவென்று ஓடுமளவுக்குப் பழக்கி வைத்திருந்தாள். பழகி முடித்த அன்று, முறை வந்ததும் அதைச் சொல்லத்தான் எழுந்து நின்றாள்.

"அது வேலையைப் பத்தின பக்கம்க்கா. நாளைக்கு வருது," என்றாள் மிஸ். "இன்னிக்குக் குடும்பம். புக்ல உங்களுக்கு வந்தத சொல்லுங்க."

குடும்பத்தில் அவளுக்கு வந்தது, "மை ஹஸ்பண்ட் கம்ஸ் ஹோம் அட் சிக்ஸ் ஓ க்ளாக் எவ்ரி டே" என்பது. கணவன் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவது என்பது செங்கரட்டூரில் யானை முட்டையிடுவதற்குச் சமானம். ஆனாலும் கலாமணி அர்த்தத்தை யோசிக்கவில்லை, 'ஹஸ்பண்ட்' உடையாமல் வாயிலிருந்து வெளியே வர வேண்டுமே என்பதுதான் அவள் கவலை. வந்தது. மிஸ் கைதட்டினாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் கதவைப் பூட்டிவிட்டுச் செருப்பை மாட்டும்போது, கேட்டைத் திறந்துகொண்டு நல்லசிவம் வந்தான். மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தில் துண்டு, உடம்பெல்லாம் டீசல் வாசம்.

"ஏனுங்க, இன்னேரம் நீங்க ராய்ப்பூர் தாண்டியிருக்கோணுமே?" என்றாள்.

"தாண்டித்தான் ஓட்டிட்டிருந்தேன் புள்ள. மணி ஆறாச்சு, பாத்தா நம்ம சந்துல நடந்துட்டிருக்கறேன்."

"வண்டி?"

"ஓரமா நிக்குது. மாதையன் இருக்கறான்." மாதையன் அவனுடைய மாற்று டிரைவர்.

"அப்பச் சரி. டீ வெக்கட்டுங்களா?"

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. அவள் பூட்டைத் திறந்தாள், அவன் குளித்தான், சுடச்சுட ராகிக் களி தின்றான். ஒன்பது மணிக்குக் கை கழுவக் குழாயடிக்குப் போனவன் திரும்ப வரவில்லை. போய்ப் பார்த்தால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. கலாமணி குழாயை மூடிவிட்டுப் போன் போட்டாள். "வந்து சேந்தாச்சு, வண்டி எடுத்துட்டோம்" என்றான். "இனிமேப் போறப்பக் குழாய மூடிட்டுப் போங்க" என்றாள்.

அன்றைக்கு வகுப்புக்குப் போகும் வழியில் பாவாயி நல்லசிவத்தை வாசலில் பார்த்துவிட்டாள். அவள் மாடியேறி, மூச்சு வாங்கி, விஷயத்தைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை, பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதுவரை 'கேட்'டுக்கே திக்கியவர்கள் எல்லாரும் அன்றைக்கு அந்த வாக்கியத்தைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னார்கள். இத்தனை சீக்கிரம் முன்னேறிய வகுப்பைத் தான் பார்த்ததேயில்லை என்று எஸ்தர் மிஸ் பூரித்துப்போய்ப் பஸ் ஏறினாள்.

மறுநாள் சாயங்காலத்திலிருந்து, மணி ஆறு அடித்ததும், பள்ளிக்கூடம் விட்டமாதிரி தெருத்தெருவாகப் புருஷர்கள் வந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் வியர்த்து வந்தார்கள், காஷ்மீர் லோடு ஏற்றியவர்கள் மப்ளரோடு வந்தார்கள், சூரத்தில் மழையாம், ஒருவன் சொட்டச் சொட்ட வந்தான். முதல் வாரம் தெருநாய்கள் அவர்களை வேற்றாள் என்று நினைத்துக் குரைத்தன, இரண்டாம் வாரம் வாலாட்டின. சவரக்கடைக்காரர் கடை திறக்கும் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். பால் சொசைட்டியில் பால் பத்தவில்லை. மாரியம்மன் சப்பரம் தூக்க வருஷா வருஷம் பக்கத்து ஊர் ஆட்களைக் கெஞ்சிக்கொண்டிருந்த தர்மகர்த்தா, இந்த வருஷம் தோள் அதிகமாகி, யாரை வேண்டாமென்பது என்று தெரியாமல் சப்பரத்தைப் பெரிதாகச் செய்யக் கொடுத்தார். தேசம் முழுக்க நெடுஞ்சாலைகளில் ஆறிலிருந்து ஒன்பதுவரை செங்கரட்டூர் லாரிகள் தாமாகவே ஓரங்கட்டி, விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சமர்த்தாக நின்றன. சாலையோர தாபாக்காரர்கள் அதைப் பார்த்து ரொட்டிக்கு மாவு பிசைய ஆரம்பித்தார்கள். பெண்டாட்டி வகுப்பில் சேராததால் மாதையனைப்போல் வண்டியிலேயே தங்கிவிட்டவர்கள், ஸ்டவ்வை இறக்கி வைத்துச் சோறு பொங்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் போன் போட்டுத் தங்கள் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டார்கள்.

கலாமணிக்கு அந்த நாட்கள் இனித்தன, அதை இல்லையென்று சொன்னால் பொய். போனில் சொல்லச் சொல்ல சிக்னல் போய் நின்றுபோன கதைகளையெல்லாம், மகன் மீசை வைத்ததிலிருந்து பங்காளி வீட்டுக் காரியத்தில் நடந்த சண்டைவரை, அவள் கொட்டித் தீர்த்தாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்து ம் ம் என்று கேட்டான். கதைகள் தீர்ந்த பிறகு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மற்ற வீடுகளில் பருப்பில் உப்பு கம்மி, டிவியில் சத்தம் அதிகம் என்று கச்சேரி தொடங்கிவிட்டது. சம்பூர்ணத்தின் புருஷன் இருபது வருஷமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்துக்கு மேஸ்திரி வேலை பார்க்க ஆரம்பித்து, அஞ்சறைப் பெட்டியைப் பிரித்து அடுக்கினான். "வண்டியில எதுனா ரிப்பேர் இருந்தாப் போய்ப் பாருங்களேன்" என்று அவள் கெஞ்சினாள். கலாமணி வீட்டில் அந்தத் தொந்தரவும் இல்லை.

ஆனால் மணி ஆறடிக்கும்போது அவள் கண் தானாக எதிர்ச்சாரிக்குப் போகும். அங்கே பட்டறை மாடியில் விளக்கு எரியும். எஸ்தர் மிஸ் தனியாக உட்கார்ந்திருப்பாள், எழுதாத போர்டைத் துடைப்பாள், கடைசி பஸ்ஸுக்கு இறங்கிப் போவாள். ராய்ப்பூரிலிருந்தும் சிலிகுரியிலிருந்தும் வந்து நிற்கிறவனை விட்டுவிட்டு எந்தப் பெண் வகுப்புக்குப் போவாள்? புருஷனைத் திருப்பியனுப்ப வேண்டுமென்றாலும் அந்த மாடிக்குத்தான் போயாக வேண்டும், அந்த மாடிக்குப் போக முடியாமல் புருஷன் வந்து நிற்கிறான். சொல்லாத அந்த ஆஸ்பத்திரி வாக்கியம் முழுங்காத மாத்திரைபோல் கலாமணியின் தொண்டையிலேயே கிடந்தது. காளியம்மனிடம் வருஷக்கணக்காக வேண்டிக்கொண்டது கைக்கு வந்ததும், நேற்றுத்தான் ஆசைப்பட்ட ஒன்று கையைவிட்டுப் போகிறதே என்று அவளுக்குச் சாமிமேல் கோபமாகக்கூட வந்தது.

ஆடி இருபது தாண்டியது. மிஸ் ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராகக் கலாமணி வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, இந்த வாரத்தோட நான் நிறுத்திக்கிறேன். யாருமில்லாம எத்தன நாளைக்கு நான் மட்டும் குட் ஈவினிங் சொல்லிக்கிறது?" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது. ஆனால் அழவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மாடிக்குப் போனாள்.

சற்று நேரத்தில் மணி ஆறு. நல்லசிவம் துண்டை உதறியபடி உள்ளே வந்தான். டீ இல்லை. கலாமணி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்க புள்ள கிளம்பீட்ட?"

"கிளாசுக்குங்க."

"நான் வந்திருக்கறேன்ல?"

"அதானுங்க, தெனமும் வந்துர்றீங்க."

அவன் முகம் சுருங்கிவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்தான். "நான் வர்றது உனக்குப் பிடிக்கலியா?" என்றான். ஊரில் ஒரு பேச்சுக்கும் அசராத டிரைவர், அந்த நேரத்தில் சோற்றுத் தட்டைப் பறிகொடுத்த பிள்ளைமாதிரி இருந்தான்.

கலாமணியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பிடிச்சிருக்குதுங்க. அதனாலதான் இத்தன நாளா வாயத் தொறக்குல. நீங்க வராத வீட்டுல நான் இருபத்திரண்டு வருசம் இருந்துட்டேன், எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனா அந்த வீட்ட விட்டு, அந்தா தெரியுது பாருங்க மாடி, அங்க போனப்பத்தான் என்னோட காலம் என் கைக்கு வந்த மாதிரி இருந்துச்சு. மத்த நேரமெல்லாம் நீங்க எடுத்துக்குங்க. ஆறு மணி மட்டும் என்னோடதுங்க."

அவன் மாடியைப் பார்த்தான். "அங்க போயி என்ன பண்றீங்க எல்லாரும்?" என்று கேட்டான். இத்தனை நாளில் ஒரு தரம்கூட அவன் அதைக் கேட்டதில்லை என்பது இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"வந்து பாருங்க," என்றாள்.

செங்கரட்டூரில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல் நடந்து போனால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் கருமாதி. ஆகவே அவர்கள் இரண்டு பேரும் தெருவில் இறங்கியதும் யாருக்கு என்ன ஆச்சோ என்று கதவுகள் திறந்தன. வகுப்புக்குப் போகிறார்களாம் என்று தெரிந்ததும் சம்பூர்ணம் புருஷன் கையிலிருந்த மிளகாய் டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். பாவாயி தன் புருஷனோடு வந்தாள், பின்னால் பூனையும் வந்தது. மாடியில் பெஞ்சு போதாமல் ஆண்கள் டயர்களை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்தார்கள். எஸ்தர் மிஸ் அத்தனை பேரையும் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "குட் ஈவினிங்" என்றாள்.

கலாமணி முதல் ஆளாக எழுந்தாள். எப்படிச் சொல்வது என்று மிஸ்ஸிடம் காதோடு கேட்டுக்கொண்டாள். மனசு மட்டும் கேட்கவில்லை, டயர்மேல் உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு புள்ள," என்றான் நல்லசிவம். "எனக்கும் மூணு வாரமா லோடு எதுவும் நேரத்துக்குப் போய்ச் சேருல. மாதையன் எங்கூடப் பேசறதே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் வாக்கியம் தைரியமாக வெளியே வந்தது. "மை ஹஸ்பண்ட் கம்ஸ் ஹோம் எவ்ரி சண்டே." ஞாயிற்றுக்கிழமை வகுப்பு லீவு என்பதை யோசித்த மற்றப் பெண்களுக்கு, இந்த ஏற்பாடு முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்று தங்கள்மேலேயே கோபம் வந்தது. ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள். சம்பூர்ணம் மட்டும் ஒன்றுவிட்ட ஞாயிறு என்பதற்கு இங்கிலீசில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னாள்.

"இப்ப ஜென்ட்ஸ்," என்றாள் மிஸ். "வந்தவங்க ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லித்தான் ஆகணும்."

ஆண்கள் டயருக்குள் ஒளியப் பார்த்தார்கள். மலைப்பாதையில் பின்னோக்கி லாரி எடுப்பவர்களுக்கு எழுந்து நிற்கக் கால் வரவில்லை. கடைசியில் நல்லசிவம் எழுந்தான். தினமும் செய்கிற ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணா என்று மிஸ் எடுத்துக் கொடுத்தாள். அவன் தினமும் வண்டி ஓட்டுகிறான், டீ குடிக்கிறான், டயரைத் தட்டிப் பார்க்கிறான். எதைச் சொல்வதென்று யோசித்தவன், லாரிகளின் பின்னால் எழுதியிருக்கும் இங்கிலீசைப் படித்துப் படித்தே சேர்த்துவைத்த சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துச் சொன்னான்.

"ஐ... திங்க்... மை வைஃப்... எவ்ரி டே."

தப்பு இருந்ததோ என்னவோ, மிஸ் திருத்தவில்லை. கலாமணி புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒன்பது மணிக்கு ஆண்கள் பட்டறைக் குழாயில் கை கழுவப் போனார்கள். எல்லாரும் மறைந்த பிறகு பார்த்தால் குழாய் மூடியிருந்தது.

மறுநாள் மணி ஆறுக்குத் தெருவில் யாரும் வரவில்லை. கலாமணி மாடியேறி, தன் முறைக்கு எழுந்து நின்று, "ஐ ஒர்க் இன் அ ஹாஸ்பிடல்" என்று ஒரு திக்கல் இல்லாமல் சொன்னாள். அது பலித்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் பைபாஸ் பக்கம் போனால் அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து கண் டாக்டர் எங்கே என்று கேட்டுப் பார்க்கலாம். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண், கேட்டவருக்கு இரண்டு பாஷையில் வழி சொல்லி, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்றும் விசாரித்து, அந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள சுங்கச்சாவடியின் பெயரையும் சொல்வாள்.

ஆனால் அன்றைக்கு அவளுக்கு அந்த வாக்கியத்தைப் பற்றிச் சந்தேகமில்லை, முந்தின நாள் அவன் சொன்ன வாக்கியத்தைப் பற்றித்தான். அந்த மாடியில் சொன்னதெல்லாம் மறுநாளே பலிக்கிறது. அப்படியென்றால் அவன் இன்றைக்கு வழக்கமில்லாமல் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே? அவனிடமே கேட்க வெட்கமாக இருந்தது. வகுப்பு முடிந்து படியிறங்கும்போது மாதையனுக்குப் போன் போட்டாள்.

"வண்டி எங்கீங்க நிக்குது?"

"நிக்குலக்கா, ஓடுது! ஜபல்பூர் தாண்டிட்டோம். சாமி புண்ணியத்துல ஓடுது."

"அவரு... இன்னிக்கு ஏதாச்சும் வித்தியாசமா இருக்கறாருங்களா? புதுசா எதுனா பேசறாரா?"

மாதையன் யோசித்தான். பின்னால் இன்ஜின் சத்தமும், அதற்கும் மேலே நல்லசிவம் ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டு வருவதும் கேட்டது.

"புதுசா ஒண்ணுமில்லீங்க்கா," என்றான். "நான் இந்த வண்டியில ஏறுன நாளா, பொழுது எறங்கிட்டா உங்க பேச்சுத்தான். களி கிண்டறப்ப நீங்க பாடுவீங்கன்றதுகூட எனக்குத் தெரியும். இத்தன வருசமாத் தமிழ்ல சொல்லிட்டிருந்தாரு, இன்னிக்கு இங்கிலீசுல சொல்றாரு. அவ்வளவுதாங்க்கா வித்தியாசம்."